வீடு மணலில் நின்ற ஆறு மணி நேரம்

ஒரு அடையாளம் கேட்டேன், ஆண்டவரே.
பெரிதாக ஒன்றுமில்லை:
கறுப்புக் கோழி வெள்ளிக்கிழமைக்குள் முட்டையிட்டால் போகலாம்,
இடாவிட்டால் இருக்கலாம்.
வியாழன் இரவே அதை நரி கொண்டுபோயிற்று.
அதற்கு என்ன பொருள் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படகில் வரும்
பாதிரியார் எலியோதோரோவிடம் கேட்டேன்.
சிலோயே தீவின் மழையெல்லாம் அங்கியில் சொட்ட
அடுப்போரம் உட்கார்ந்து உருளைக்கிழங்குக் கஞ்சி குடித்தார்.
"செபம் செய், நோல்ஃபா" என்றார்.
செய்துகொண்டுதானே இருக்கிறேன், சாமி.
"அப்படியானால் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்று."

பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்.
கடைசி வருஷம் மொத்தம் இரண்டே பிள்ளைகள்,
இரண்டும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்.
அக்கரையில் பேருந்து உண்டு, மருந்துக்கடை உண்டு,
அர்செனியோவின் அண்ணன் தருவதாகச் சொன்ன
அரை ஏக்கர் சரிவும் உண்டு.
இக்கரையில்,
பெயர் வைக்குமுன்னே நாங்கள் புதைத்த ஒருத்தி.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
ஒரு குளிர்காலம் முழுக்க நின்றேன்.
உம் சித்தம் என்று சொல்லிவிட்டு
உம் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் சொன்னது நான்தான்.
ஒரு செவ்வாய்க்கிழமை, துணி பிழியும்போது,
"போவோம்."
அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.
மறுநாள் எருதுகளுக்குச் சொல்லியனுப்பினார்.

ஊரே வந்தது.
மிங்கா என்பார்கள் இங்கே: கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.
சன்னல் கண்ணாடிகளைக் கழற்றினார்கள்.
அந்தோனியார் சுருபத்தைப் போர்வையில் சுற்றி
என் கையில் தந்தார்கள்.
பன்னிரண்டு சோடி எருது.
சமையலறை, பரண், படுக்கையறை எல்லாமாக என் வீடு
நோயில் கிடந்த மாடு எழுவதுபோல்
ஒருமுறை முனகி,
உருளைக் கட்டைகள்மேல் இறங்கி வந்தது.

மணலுக்கு வந்ததும் நுகத்தை அவிழ்த்துவிட்டார்கள்.
"அவ்வளவுதான்" என்றான் மாட்டுக்காரன் பெலார்மினோ.
"இதற்குமேல் மாட்டால் ஆகாது. தண்ணீர் வரட்டும்."

ஆறு மணி நேரம்.
மேட்டிலும் இல்லை, கடலிலும் இல்லை என் வீடு.
அடியில் காலிப் பீப்பாய்கள் கட்டியிருக்க,
நண்டுகள் வாசற்படி ஏற,
ஆண்கள் ஆப்பிள் கள் குடிக்க,
எங்கள் நாய் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து
கொல்லைக் கதவைப் பார்த்துக் குரைத்தது.
கடலைக் கயிறு கட்டி இழுக்க முடியுமா?
அது எங்கோ தூரத்தில்
ஒரு சாம்பல் கோடு.
நான் செபம் செய்யவில்லை. சொல் தீர்ந்துபோயிருந்தது.
சுருபத்தைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்து
காய்ந்து கிடந்த ஒரு சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு பார்த்தபோது
அது நனைந்திருந்தது.

நடுக்கடலில் வீடு இடப்பக்கம் சாய்ந்தது.
அடுப்பின் முழங்கால்வரை உப்புத் தண்ணீர்.
படகில் என்னோடிருந்த சின்னவன் கேட்டான்,
"அம்மா, நம்ம வீடு மூழ்கிடுமா?"
தெரியாதுடா என்றேன்.
நம்புகிறவள் சொல்கிற பதிலா அது?
நீரே சொல்லும்.

அக்கரை நிலம் சரிவு.
திருப்பித்தான் நிறுத்த முடிந்தது.
பதினான்கு வருஷம் மலையைப் பார்த்திருந்த
படுக்கையறைச் சன்னல்
இப்போது கடலைப் பார்க்கிறது.
மூடுபனி விலகினால், அந்தப் பக்கத்தில்,
நாலைந்து மரச்சிலுவைகள் வெள்ளையாக.
எது அவளுடையது என்று இங்கிருந்து தெரியாது.

இதுவும் உம் திட்டமா என்றால் நீர் சொல்லமாட்டீர்.
நானும் ஊராரிடம் சொல்லித் திரியமாட்டேன்.
சரிவு அப்படி, திருப்பி வைத்தார்கள்,
அவ்வளவுதான் சொல்வேன்.

அடுப்பு இன்னும் ஈரம்.
மூன்று தீக்குச்சி அணைந்துபோயிற்று.
நாலாவதைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.